மடை வைத்த எலும்பு

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கடையில் கழுத்துக்கறி கேட்டு வாங்குங்கள். "கொத்தாம ரெண்டு எலும்பு முழுசா விட்டுக் குடுங்க பாய்" என்று சொன்னால் தருவார்கள். குழம்பு வைத்துச் சாப்பிட்டு முடித்ததும் அந்த எலும்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

நடுவில் பெரிய துளை இருக்கும். அது தண்டுவடம் போகிற வழி, பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதை விடுங்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற எலும்பின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு துளைகள் தெரியும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அதில் விட்டுப் பாருங்கள். எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நிற்கும். விளிம்பைச் சுண்டுவிரலால் தடவுங்கள். கத்தி பட்ட இடம் சொரசொரவென்று இருக்கும். இந்தத் துளையின் ஓரம் மட்டும் அவ்வளவு வழவழப்பு! அதன் வழியாகத்தான் தலையை நோக்கி ரத்தம் கொண்டுபோகிற ஒரு நாளம் எலும்பு எலும்பாக ஏறுகிறது. நமக்கும் இதே ஏற்பாடுதான். மனிதக் கழுத்தில் ஏழு எலும்புகள். வழக்கமாக ஆறாவது எலும்பில் அந்த நாளம் நுழைகிறது. ஐந்து, நான்கு, மூன்று என்று ஒவ்வொரு துளையாகத் தாண்டி, முதல் எலும்பையும் கடந்து, மூளைக்கு ரத்தம் கொடுக்க மண்டைக்குள் போய்விடுகிறது. இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கழுத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

எலும்பில் இப்படி வழி விட்டிருக்கும் இடத்துக்கு உடற்கூற்றியலில் ஃபோரமென் என்று பெயர். பலவாக இருந்தால் ஃபோரமினா. நம்முடைய பள்ளிப் பாடநூலில் துளை என்றே போட்டிருக்கிறார்கள். நான் ஆர்.எஸ்.மங்கலத்தில் மிளகாய் வத்தல் யாவாரம் செய்கிறவன். மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி, நிறத்தையும் காம்பையும் பார்த்து விலை சொல்லும் தொழில். அப்படிப்பட்ட எனக்கு இன்றைக்கு உலகத்திலேயே பிடித்த விஷயம் எது என்று கேட்டால், தயங்காமல் இந்த எலும்புத் துளைகளைத்தான் சொல்வேன்.

காரணம் என் அக்கா மகள். ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்க மதுரைக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் போய், வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் படிக்கும் காலம் வந்தது. முதல் வருஷத்தில் உடற்கூற்றியல் பாடம். விடுமுறைக்கு வந்தவள் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு மண்டையோட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். என் அம்மா பதறிப் போனார்.

"என்னத்தா இது, மண்டையோட்டப் போயி வீட்டுக்குள்ள!"

"அம்மாச்சி, எங்களுக்கு முதல் வாத்தியாரே இவங்கதான். பேரு தெரியாது, ஊரு தெரியாது. இருந்தாலும் தினமும் கும்பிட்டுட்டுத்தான் தொடுவோம்."

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு புது மஞ்சள் துணியைக் கொண்டுவந்து விரித்துக் கொடுத்தார்.

அந்த மண்டையோட்டின் மேல்மூடி தனியாகக் கழன்று வரும். அதை எடுத்துவிட்டால் மூளை உட்கார்ந்திருந்த தரை தெரியும். அவள் செல்போனின் டார்ச்சைப் போட்டுக் கீழிருந்து பிடித்தாள். அடடா! அந்தத் தரை முழுக்க வெளிச்சம் பூத்தது. பெரிதும் சிறிதுமாக, வட்டமாக, நீள்வட்டமாக, பிளவாக எத்தனை வழிகள்! வலமும் இடமும் ஒன்றுக்கொன்று ஜோடியாக நின்றன. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில், முன்னிருந்து பின்னாக வளைந்து மூன்று துளைகள். முதலாவது வட்டம், ரொட்டன்டம் என்று பெயர். அடுத்தது முட்டை வடிவம், ஓவேல். மூன்றாவது குண்டூசித் தலை அளவு. பக்கத்தில் முள் போல ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதால் ஸ்பைனோசம். வட்டத்தில் மேல்தாடைக்கு உணர்வு தருகிற நரம்பு போகிறது. முட்டையில் கீழ்த்தாடைக்கான நரம்பு. குண்டூசித் துளையில் மூளையின் உறைக்கு ரத்தம் கொடுக்கிற நாளம் வருகிறது.

"ஒண்ணொண்ணுலயும் என்ன போகுதுன்னு கேப்பாங்க மாமா. வைவால சொல்லலேன்னா அவ்வளவுதான்" என்றாள் அவள். அவளுக்கு அது பரீட்சை. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். முதலில் அந்தப் பெயர். ஃபோரமென் என்பது லத்தீன். ஃபொராரே என்றால் துளைபோடுவது, குடைவது. அதிலிருந்து பிறந்தது ஃபோரமென்; அதாவது, போட்ட துளை. நம்ம ஊரில் தண்ணீருக்கு போர் போடுகிறோமே, அந்த ஆங்கில 'போர்' இதற்குப் பங்காளிச் சொல். இரண்டுக்கும் மூத்த வேர் ஒன்றே. குடலில் ஓட்டை விழுந்தால் டாக்டர்கள் பெர்ஃபொரேஷன் என்கிறார்கள். அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். இன்னொரு பிள்ளை நம் கடலிலேயே இருக்கிறது. ராமேஸ்வரம் தீவின் கடற்கரை மணலை லென்ஸ் வைத்துப் பார்த்தால், அறை அறையாகக் கட்டிய மிகச் சின்ன ஓடுகள் கிடைக்கும். ஒரே செல் உள்ள உயிர்கள் விட்டுப்போன வீடுகள் அவை. அறைக்கும் அறைக்கும் நடுவில் துளை உண்டு என்பதால், 1826-ல் பிரெஞ்சு அறிஞர் டோர்பின்யி அவற்றுக்கு 'துளை சுமப்பவை' என்ற பொருளில் ஃபொராமினிஃபெரா என்று பெயர் வைத்தார். ஆட்டின் கழுத்தெலும்புக்கும் ராமேஸ்வரத்து மணலுக்கும் ஒரே பெயர்! இதைத் தெரிந்துகொண்ட அன்று கடையில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆனால் பெயரைவிடப் பெரிய விஷயம் அந்தப் பெயருக்குள் இல்லை. போட்ட துளை என்று ரோமானியர் சொன்னார்கள். உண்மையில் எலும்பில் இந்தத் துளையை யாரும் போடவில்லை! கருவில் மூளையிலிருந்து நரம்புகள் கிளம்பும்போது மண்டையோடு என்று ஒன்றே கிடையாது. முதல் சில வாரங்களிலேயே நரம்பும் நாளமும் தத்தம் இடத்துக்குப் புறப்பட்டுவிடுகின்றன. மண்டையின் அடித்தளம் அதற்குப் பிறகு, இரண்டாம் மாதவாக்கில், முதலில் குருத்தெலும்பாகத் தலைகாட்டுகிறது. ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருக்கும் நரம்பைச் சுற்றி, அதை நெருக்காமல், அதற்கு இடம் விட்டு வளர்கிறது. பிறகுதான் கெட்டியான எலும்பாகிறது. வழிதான் முதலில். சுவர் பிறகு.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் கண்மாய் நினைவுக்கு வந்தது. ஆர்.எஸ்.மங்கலம் என்றாலே நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று இந்தச் சீமை முழுக்கச் சொல்வார்கள். ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம். அந்தக் கரையில் 48 மடைகள். ஒரு மடையும் கரையை எழுப்பி முடித்த பிறகு குடைந்து வைத்ததாக இருக்க முடியாது. எந்த வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பது முதலில். அதற்கு மடை எங்கே என்பது அடுத்து. மடையைக் கட்டி, அதைச் சுற்றி மண்ணை ஏற்றிக் கரை போடுவார்கள். கட்டி முடித்த கரையில் புதிதாக ஓட்டை விழுந்தால் அதற்கு மடை என்று பேர் கிடையாது, உடைப்பு என்று பேர். எலும்பில் இருப்பதெல்லாம் மடை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எலும்புப் பாடம் முழுக்க எனக்குத் திறந்துகொண்டது.

சான்று வேண்டுமா? அந்தக் குண்டூசித் துளை, ஸ்பைனோசம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளையுறைக்குப் போகிற நாளம் அதன் வழியாக வரும் என்று சொன்னேன். அபூர்வமாகச் சிலருக்கு அந்த நாளம் கண்ணுக்குப் போகிற நாளத்திலிருந்து கிளைத்து, வேறு வழியாக மண்டைக்குள் வந்துவிடும். அப்படிப்பட்டவர்களின் மண்டையோட்டில் அந்தப் பக்கம் ஸ்பைனோசம் துளையே இருக்காது. போகிறவர் இல்லையென்றால் வாசலும் இல்லை! எலும்பு முதலில் துளையைப் போட்டுவிட்டு நாளத்துக்காகக் காத்திருந்தால், துளை சும்மாவாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

உங்கள் முகத்திலேயே இதைத் தொட்டுப் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நேரே பார்த்து நில்லுங்கள். கருமணிக்கு நேர் மேலே, புருவத்தின் அடி எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள். ஓரிடத்தில் சின்னப் பள்ளம் தட்டும், லேசாகச் சுரீரென்றும் இருக்கும். நெற்றிக்குப் போகிற நரம்பு வெளியே வரும் இடம் அது. சிலருக்கு முழுத் துளையாக இருக்கும், சிலருக்கு ஓரத்தில் ஒரு வெட்டாக இருக்கும். அதற்கு நேர் கீழே, கண்குழியின் கீழ்விளிம்பைத் தாண்டி, மேல்தாடை எலும்பில் இன்னொன்று. இன்னும் கீழே இறங்கினால் கீழ்த்தாடை எலும்பில், முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே மூன்றாவது. மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில். முகத்தின் உணர்வு நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. கிளைக்கு ஒரு துளை என்று மூன்று துளைகள். மனித முகத்தில் இப்படி ஒரு கோடு ஓடுகிறது என்று தெரியாமலே இத்தனை வருஷம் முகம் கழுவியிருக்கிறோமே!

தாடையில் இருக்கிற அந்தத் துளைக்கு மெண்டல் ஃபோரமென் என்று பெயர். பயந்துவிட வேண்டாம். லத்தீனில் மென்ட்டும் என்றால் மோவாய். மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீழ்த்தாடைக்கான நரம்பு தாடையின் உட்பக்கம் ஒரு துளையில் நுழைந்து, எலும்புக்குள்ளேயே பல்லுக்குப் பல் கிளை கொடுத்துக்கொண்டு வந்து, கடைசியில் மோவாய்த் துளை வழியாக வெளியேறி உதட்டுக்குப் போகிறது. எனக்கு ஒருமுறை கடைவாய்ப் பல்லை எடுக்க டாக்டர் தாடையின் உள்ளே, வெகு பின்னால், ஊசி போட்டார். மரத்துப்போனதோ முன்னால் இருக்கிற கீழ் உதடு! ஊசி எங்கே, உதடு எங்கே என்று அன்றைக்குக் குழம்பியதற்கு விடை இந்த இரண்டு துளைகள். நுழைகிற மடையில் அடைத்தால் வெளியேறுகிற மடையில் வரத்து நிற்கிறது.

டாக்டர்கள் இந்த வழிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் அசந்துபோவீர்கள். முக நரம்பில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலி வருகிற ஒரு நோய் உண்டு. காற்றுப் பட்டால்கூடத் துடித்துப் போவார்கள். அதற்குச் செய்கிற சிகிச்சைகளில் ஒன்று: கன்னத்தின் வழியாக ஒரு நீண்ட ஊசியைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, மண்டையின் அடியில் இருக்கிற ஓவேல் துளைக்குள் நுழைத்து, நரம்பின் முடிச்சைத் தொட்டுவிடுகிறார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிற வாசல் வழியாகப் போய்த் திரும்புகிறார்கள்.

வழி குறுகினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஊரில் திடீரென்று ஒருத்தருக்கு வாய் கோணிக்கொள்ளும், ஒரு கண்ணை மூட முடியாது. முகவாதம் என்போம். முகத்தசைகளை அசைக்கிற நரம்பு ஒரு நீண்ட எலும்புக் குழாய்க்குள் வளைந்து வந்து, காதுக்குப் பின்னால் ஒரு துளை வழியாக வெளிவருகிறது. அந்த நரம்பு உள்ளுக்குள் வீங்கினால், சுற்றி இருப்பது எலும்பு அல்லவா, விலகிக் கொடுக்காது. நரம்பு நசுங்குகிறது. முதுகில் இருப்பதோ இன்னொரு வகை. அங்கே நரம்பு வெளியேறுகிற துளை எந்த ஓர் எலும்புக்கும் தனியாகச் சொந்தமில்லை. மேல் எலும்பில் பாதி வெட்டு, கீழ் எலும்பில் பாதி வெட்டு, இரண்டும் சேர்ந்தால் ஒரு துளை. நடுவில் இருக்கும் ஜவ்வுத் தட்டு பிதுங்கி அந்த வழியை நெருக்கினால், இடுப்பில் ஆரம்பித்துக் கால் வரை இழுக்கிற வலி வருகிறது. மூட்டை தூக்குகிற எங்கள் ஆட்களுக்கு அந்த வலி நன்றாகத் தெரியும்.

நல்லி எலும்பு பிடிக்காதவர் உண்டா? அதை உறிஞ்சுவதற்கு முன்னால் தண்டின் மேல் பாருங்கள். ஓரிடத்தில் ஊசி குத்தியது போலச் சின்னத் துளை சாய்வாக உள்ளே இறங்கும். எலும்புக்கே சோறு போடுகிற துளை அது. ஊட்டத் துளை என்று சொல்லலாம். ரத்த நாளம் அதன் வழியாகத்தான் மஜ்ஜைக்குப் போகிறது. மனித எலும்பில் அந்தச் சாய்வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கை எலும்புகள் எல்லாவற்றிலும் அது முழங்கையை நோக்கிச் சாய்ந்திருக்கும். கால் எலும்புகளில் முழங்காலை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். "முழங்கையப் பாத்துப் போவேன், முழங்கால விட்டு ஓடுவேன், இப்படித்தான் மாமா ஞாபகம் வச்சுக்குவோம்" என்று அக்கா மகள் சிரித்தாள். அது வெறும் மனப்பாடம் இல்லை. நீள எலும்பு இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தொடை எலும்பு முழங்கால் பக்கம் அதிகம் வளர்கிறது. மேல்கை எலும்பு தோள் பக்கம் அதிகம் வளர்கிறது. வேகமாக வளர்கிற முனைக்கு எதிர்த்திசையில் துளை சாய்ந்து போகிறது. பிள்ளைப் பருவத்தில் நாம் எந்தப் பக்கம் வளர்ந்தோம் என்பதை அந்தச் சின்ன வழி தன் சாய்விலேயே பதித்து வைத்திருக்கிறது. எனக்கு இதைவிட அழகான ஒரு தகவல் இதுவரை கிடைக்கவில்லை.

பெரிய துளைகளுக்கும் வருவோம். மண்டையோட்டின் அடியில் ஃபோரமென் மேக்னம். மேக்னம் என்றால் பெரியது; பாடநூலில் பெருந்துளை. மூளையும் தண்டுவடமும் சேர்கிற இடம். மனித மண்டையோட்டைத் தரையில் வைத்தால் இது தெரியாது. கவிழ்த்தால்தான் தெரியும், ஏறக்குறைய நடு அடியில் இருக்கும். ஆட்டுத் தலையில் இதே துளை பின்பக்கம் இருக்கிறது. கறிக்கடையில் தலையைக் கழுத்திலிருந்து பிரிக்கும்போது கவனியுங்கள். பாயின் கத்தி எலும்பை வெட்டாது, பின்பக்க மூட்டில் புகுந்து சுலபமாகக் கழற்றிவிடும். நாலுகால் பிராணிக்கு முதுகு பின்னால் போகிறது, துளையும் பின்னால். நிமிர்ந்து நிற்கிற நமக்குத் தலை கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, துளையும் அடியில். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து மனித வரலாற்றையே வாசித்தவர் ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் 1924-ல் கிடைத்த ஒரு குழந்தையின் பழைய மண்டையோட்டைப் பார்த்த ரேமண்ட் டார்ட், பெருந்துளை முன்னால் தள்ளி இருப்பதைக் கண்டு, இந்த உயிர் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தது என்று 1925-ல் எழுதினார். கால் எலும்பு ஒன்றும் கையில் இல்லை. ஒரு துளை இருந்த இடமே அவருக்குப் போதுமானதாக இருந்தது!

உடம்பிலேயே மிகப் பெரிய ஃபோரமென் மண்டையில் இல்லை, இடுப்பெலும்பில் இருக்கிறது. அதன் பெயர் ஆப்ட்யுரேட்டர். லத்தீனில் அடைப்பது என்று பொருள். ஏனென்றால் அதை ஒரு சவ்வு கிட்டத்தட்ட முழுவதும் மூடியிருக்கிறது. மேல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, அதன் வழியாக ஒரு நரம்பும் நாளங்களும் தொடைக்குப் போகின்றன. எவ்வளவு பெரிய வாய் இருந்தாலும் தேவைக்குத்தான் திறப்பு. எங்கள் கண்மாய் மடைக்காரர்கள் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். உலகம் முழுக்க டாக்டர்கள் படிக்கிற கிரேயின் உடற்கூற்றியல் நூல் லண்டனில் 1858-ல் வந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. படங்கள் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளைஞர். அந்த நூலில் 363 படங்கள். ஒவ்வொரு துளையின் பெயரையும் படத்தின் ஓரத்தில் எண் போட்டுத் தள்ளாமல், அந்த உறுப்பின் மேலேயே எழுதிக் காட்டியது அவருடைய கை. கிரே 1861-ல், முப்பத்து நான்கு வயதில், அம்மையில் இறந்துபோனார். கார்ட்டர் 1858-லேயே கப்பலேறி பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பாடம் நடத்தினார். இங்கே அவர் கவனத்தைப் பிடித்துக்கொண்ட நோய் எது தெரியுமா? மதுரைக் கால்!

வெறுங்காலோடு வயலில் வேலை செய்கிறவர்களுக்கு முள் தைத்த இடத்தில் வருகிற நோய் அது. மதுரையில் 1842-ல் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார்; பிறகு உலகம் முழுக்க இதற்கு மதுரையின் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ராமநாதபுரம் சீமையும் மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. தனி ஜில்லா ஆனது 1910-ல். பாதம் வீங்கும், கட்டி உடையும், மணி மணியாகச் சீழ் வெளியேறும். உள்ளே எலும்பு வரை போய் அதைக் குடைந்து பொந்து பொந்தாக்கிவிடும். இது பூஞ்சையால் வருகிறது என்று கண்டு, மைசீட்டோமா என்று பெயர் வைத்து, 1874-ல் தனி நூலே எழுதினார் கார்ட்டர். சில வேளை இதே நோய் பாக்டீரியாவாலும் வருகிறது என்பது பின்னால் தெளிவானது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நினைத்துப் பாருங்கள். எலும்பின் இயல்பான வழி ஒவ்வொன்றையும் வரைந்த கை, நோய் போட்ட துளையையும் ஆராய்ந்திருக்கிறது. ஃபொராரே, அதாவது குடைவது என்ற வினை மெய்யாகவே பொருந்துவது அந்தப் பாதத்து எலும்புக்குத்தான். அது உடைப்பு. உள்ளே போகிறவர் யாருமில்லை, ஓரம் அரித்துப்போயிருக்கும். மடைக்கும் உடைப்புக்கும் வித்தியாசம் கரைக்காரனுக்குத் தெரியும். எலும்பைப் பார்த்ததும் அந்த வித்தியாசம் தெரிய வேண்டியவர் மருத்துவர்.

இந்தப் படிப்பு முழுவதும் தமிழில் நடந்த காலமும் உண்டு. தொண்டிக் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், கண்ணுக்கு எட்டாவிட்டாலும், அந்தக் கரையில் யாழ்ப்பாணம். அமெரிக்காவிலிருந்து 1847-ல் அங்கே வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் கற்றார்; அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்களாகப் பயிற்றினார். பிற்காலத்தில் பாடத்தையே தமிழில் நடத்தினார். கார்ட்டர் படம் போட்ட அதே கிரேயின் நூல், கிரீனின் முயற்சியில் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. முதலில் வழக்கில் இருக்கிற தமிழ்ச் சொல்லைத் தேடுவது, இல்லையென்றால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியில் எழுதுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். லண்டனில் நூல் வந்து 14 வருஷத்தில், பாக்கு நீரிணைக்கு அக்கரையில், ஒரு தமிழ்ப் பையன் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு தன் மொழியிலேயே அதைப் படித்திருக்கிறான்! கிரீன் 1884-ல் அமெரிக்காவில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதருக்கு நம் பாடநூலில் ஒரு முழுப் பக்கம் கொடுக்க வேண்டும் என்பேன்.

என் ஆசையெல்லாம் ஒன்றுதான். நம் பள்ளிக்கூடங்களில் எலும்புப் பாடம் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறது: மண்டையோட்டில் இத்தனை, முதுகில் இத்தனை, மொத்தம் 206. பிள்ளைகள் ஒப்பித்துவிட்டு மறந்துபோகிறார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஓர் ஆட்டெலும்பும் ஓர் ஈர்க்கும் கொடுத்து, "துளையக் கண்டுபிடி, இதுல என்ன போகும்னு சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரிடம் நான் அப்படிக் கேட்டேன். ஒருவன் ஈர்க்கை விட்டு எடுத்துவிட்டு, "ரத்தமா, நரம்பா?" என்றான். மற்றவன், "ரெண்டும் சேந்து போகுமா மாமா?" என்றான். பல துளைகளில் இரண்டும் சேர்ந்துதான் போகும். பாடத்தைப் படிக்காமலே அவன் அங்கே வந்துவிட்டான்.

எலும்பு கெட்டியானது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கெட்டி எலும்பு நரம்புக்கும் ரத்தத்துக்கும் அடங்கி, அவை போகிற இடத்தில் ஒதுங்கி வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும். இனி எந்த எலும்பில் துளையைப் பார்த்தாலும் "இது யாருக்கு விட்ட வழி?" என்று கேளுங்கள். அது மடையாக இருந்தால் பதில் கட்டாயம் இருக்கும். தேடிப் போனால் உடம்பின் பாதிக் கதை கூடவே வரும்.